மிஞ்சிய மலையும் சேர்ந்த மணலும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து சுமார் பத்து கி.மீ. தொலைவில், தென்பெண்ணையாற்றின் கரையை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் தொரப்பள்ளி. 1878ஆம் ஆண்டு இராஜாஜி பிறந்த ஊர் என்று அதன் பெயரை நீங்கள் படித்திருக்கலாம். நாம் அங்கே போகப்போவது வேறொரு காரணத்திற்காக. ஆறு, பாறைக் குன்று, செம்மண் வயல், ஏரி ஆகிய எல்லாம் ஒரு நாள் நடைக்குள் அடங்கும் பகுதி அது. மழையும் ஆறும் நிலத்தை எப்படிச் செதுக்குகின்றன, செதுக்கி எடுத்ததை எங்கே கொண்டுபோய்ப் போடுகின்றன என்பதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

ஓசூர் நகரத்தின் நடுவே சந்திரசூடேசுவரர் கோயில் இருக்கும் குன்றைப் பாருங்கள். நெடுஞ்சாலை வழியே கிழக்கே போனால் சூளகிரியைச் சுற்றி இன்னும் பெரிய பாறைக் குன்றுகள் வரும். கிருஷ்ணகிரியில் கோட்டை இருக்கும் மலையும் அதே இனம். சமமான நிலத்தில் திடீரென்று தலைதூக்கி நிற்கும் இக்குன்றுகள் எப்படி வந்தன? வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டால், "பூமிக்குள்ளிருந்து எழும்பி வந்தன" என்றே பெரும்பாலோர் விடை சொல்வார்கள். எரிமலை என்பாரும் உண்டு. இரண்டும் சரியல்ல. குன்று நின்ற இடத்திலேயேதான் நிற்கிறது. அதைச் சுற்றியிருந்த நிலம்தான் போய்விட்டது. ஒரு வெள்ளரிக்காயைச் சீவச் சீவக் குறைவதுபோல நிலம் குறைந்தது. சீவ முடியாத இடம் மட்டும் மேடாக மிஞ்சியது.

எவ்வளவு போயிற்று?

இதற்கு விடை சொல்வது பாறையே. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் காணும் பாறை பெரும்பாலும் நைஸ் என்னும் வகையைச் சேர்ந்தது. வெள்ளையும் கறுப்பும், சில இடங்களில் இளஞ்சிவப்பும் பட்டை பட்டையாக வளைந்து ஓடும். கல் மெருகேற்றும் பட்டறைகளில் அடுக்கி வைத்திருக்கும் பலகைகளைப் பாருங்கள். பிசைந்த மாவைப்போல அந்தப் பட்டைகள் மடிந்தும் முறுக்கியும் இருக்கும். கல் அப்படிப் பிசையப்பட வேண்டுமானால் அது மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் இருந்திருக்க வேண்டும் அல்லவா? சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பாறைகள் அந்த நிலையில் இருந்தன. கார்னெட் போன்ற சில கனிமங்கள், தாம் உருவானபோது இருந்த அழுத்தத்தைத் தம் வேதியியல் அமைப்பில் பதிவு செய்து வைத்திருக்கின்றன. அவற்றை ஆராய்ந்த புவியியல் அறிஞர்கள், இந்த வட்டாரத்துப் பாறைகள் ஏறத்தாழ 20 கி.மீ. ஆழத்தில் உருப்பெற்றவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அந்த எண்ணைச் சற்று நிதானமாக நினைத்துப் பாருங்கள். இன்று தொரப்பள்ளி வயலில் மாடு மேயும் தரை, ஒரு காலத்தில் 20 கி.மீ. பாறைக்கு அடியில் இருந்தது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் சுமார் 8.8 கி.மீ. மட்டுமே. அதைப்போல இரண்டு மடங்கிற்கும் மேற்பட்ட கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, உதிர்ந்து, கடலுக்குப் போயிற்று.

உடனே உங்களுக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். இருபது கி.மீ. போன பிறகு அங்கே பெரும் பள்ளமல்லவா இருக்க வேண்டும்? ஓசூரோ கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது!

ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறியிருக்கிறீர்களா? ஆட்கள் ஏற ஏறப் பரிசல் நீரில் தாழும். இறங்க இறங்க மேலெழும். நிலத்தின் மேலோடும் அப்படித்தான். அதற்கு அடியிலுள்ள கனத்த பாறை அடுக்கின்மேல் அது மிதப்பதுபோல அமர்ந்திருக்கிறது. மேலோட்டின் அடர்த்தி சுமார் 2.7, அடியிலுள்ள அடுக்கின் அடர்த்தி சுமார் 3.3. எனவே மேலேயிருந்து 1,000 மீட்டர் பாறை அரித்துச் செல்லப்பட்டால், சுமை குறைந்த நிலம் 800 மீட்டருக்குச் சற்று அதிகமாகவே மேலே எழுந்துவிடும். தாழ்வது 200 மீட்டர்கூட இல்லை. அரிக்க அரிக்க எழும், எழ எழ அரிக்கும். இப்படி எழுவது குன்று மட்டுமன்று, அந்த வட்டாரம் முழுவதும் என்பதைக் கவனியுங்கள். எங்கும் சேர்ந்தெழுந்த நிலத்தில் எந்தப் பகுதி எளிதில் கரைந்தது, எந்தப் பகுதி கரையவில்லை என்பதுதான் மலையையும் பள்ளத்தையும் தீர்மானிக்கிறது.

பாறை இற்றுப்போகும் விதம்

ஆறு கெட்டியான பாறையை நேரடியாக வெட்டுவது குறைவு. ஏற்கெனவே இற்றுப்போனதைத்தான் அது அள்ளிச் செல்கிறது. முதல் வேலையைச் செய்வது மழைநீர். காற்றில் உள்ள கரியமில வாயு மழைநீரில் சிறிது கரைகிறது. மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயுவும் அதனுடன் சேர்கிறது. இதனால் நீர் மிக மெல்லிய அமிலமாகிறது. நாக்கில் வைத்தால் புளிப்புத் தெரியாது. ஆனால் லட்சக்கணக்கான ஆண்டுகள் வேலை செய்தால் அது போதும்.

நைஸ் பாறையில் மூன்று முக்கியமான கனிமங்கள் உண்டு. வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ட்ஸ்பார். இந்த அமில நீர் பட்டால் அது மெல்ல மாறிக் களிமண்ணாகிவிடும். கறுப்பாக மின்னுவது மைக்கா போன்ற இரும்புள்ள கனிமங்கள். அவற்றிலுள்ள இரும்பு, ஆணி துருப்பிடிப்பதுபோலத் துருப்பிடிக்கிறது. ஓசூர்ப் பகுதியின் செம்மண்ணுக்கு நிறம் தந்தது இந்தத் துருதான். மூன்றாவது, கண்ணாடித் துண்டுபோல இருக்கும் குவார்ட்ஸ். அதை அமில நீர் ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. சுற்றியிருந்தவை இற்றுப் பொடியானபின் குவார்ட்ஸ் பரல்கள் உதிர்ந்து நிற்கும். அவைதான் மணல். ஆக, ஒரே பாறையிலிருந்து களிமண்ணும் செந்நிறமும் மணலும் பிறக்கின்றன. கிணறு வெட்டும் இடத்திலோ சாலைக்காக மேட்டை வெட்டிய இடத்திலோ பாருங்கள். மேலே செம்மண், அதன் கீழே சரளை, அதற்கும் கீழே கையால் நொறுக்கக்கூடிய இற்றுப்போன பாறை, கடைசியில் கெட்டிப் பாறை. இற்றுப்போன பாறையில் பழைய பட்டைகள் அப்படியே தெரியும். தொட்டால் மட்டும் உதிர்ந்துவிடும். மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் படத்திலும் இல்லை என்பேன்.

இப்போது உருண்டைக் கற்களின் புதிருக்கு வருவோம். இந்த வட்டாரக் குன்றுகள் பலவற்றில் யாரோ அடுக்கி வைத்ததுபோல் பெரிய உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். மாமல்லபுரத்தில் "கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை" என்று எல்லாரும் தள்ளிப் பார்க்கும் கல்லும் இவற்றின் உறவினர்தான். இவற்றை ஆறு உருட்டி வரவில்லை. பாறை நிலத்தடியில் இருந்தபோது குறுக்கும் நெடுக்குமான விரிசல்களால் அது பெரிய பெரிய கட்டங்களாகப் பிரிந்திருந்தது. விரிசல் வழியே நீர் இறங்கியது. ஒரு கட்டத்தின் பக்கத்தை நீர் ஒரு திசையிலிருந்து தாக்குகிறது. விளிம்பை இரண்டு திசைகளிலிருந்து. மூலையை மூன்று திசைகளிலிருந்து. எனவே மூலைகளே முதலில் இற்றுப்போகும். துணி துவைக்கும் சோப்புக் கட்டி சில நாளில் மூலை மழுங்கி உருண்டையாவதும் இதனால்தான். பின்னர் இற்றுப்போன பகுதியை மழை அரித்துச் சென்றதும், நடுவில் கெட்டியாக இருந்த உருண்டைகள் இறங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்தன.

விரிசல் குறைவாக உள்ள பாறைக்கு நீர் உள்ளே நுழைய வழியில்லை. ஆகவே அது இற்றுப்போவதில்லை. மழை பெய்தாலும் வழுக்கி ஓடிவிடும். சில நாழிகையில் பாறை காய்ந்துவிடும். சுற்றியுள்ள நிலமோ ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இற்றுக்கொண்டே போகும். இதனால் மேடு மேலும் மேடாகிறது. வெறும் பாறைக் குன்றுகள் பத்து லட்சம் ஆண்டுகளில் சில மீட்டர் அளவே தேய்கின்றன என்று உலகின் பல பகுதிகளில் செய்த அளவீடுகள் காட்டுகின்றன. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில் நிற்கும் புகழ்பெற்ற சர்க்கரைக் கூம்பு மலையும் இதேபோல் மிஞ்சிய நைஸ் குன்றுதான். ஆனால் வைரக் கம்பி ரம்பம் வந்தபின், அப்படிப்பட்ட குன்று ஒன்று கல் பலகைகளாகி லாரியில் ஏறிப்போகச் சில ஆண்டுகளே போதும். இந்த மாவட்டத்தில் அதையும் நீங்கள் கண்ணால் காணலாம்.

ஒரு துளியும் ஓர் ஆறும்

அடுத்த வேலை, இற்றதை அகற்றுவது. இதை முதலில் தொடங்குவது ஆறு அன்று, மழைத்துளி. கோடை மழையின் பெரிய துளி 5 மி.மீ. குறுக்களவு இருக்கும், விநாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் தரையைத் தாக்கும். வெற்று நிலத்தில் அது சிறு குண்டு விழுந்ததுபோல் மண்ணைத் தெறிக்க வைக்கிறது. மழைக்குப்பின் பள்ளிக்கூடச் சுவரின் அடிப்பகுதியில் முழங்கால் உயரத்திற்குச் செம்மண் கறை படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது துளிகள் தெறித்த மண். சரிவான நிலத்தில் தெறிக்கும் மண் மேலே போவதைவிடக் கீழே அதிகம் விழும். பின் நீர் மெல்லிய தகடாக ஓடும், சிறு கால்களாகச் சேரும், கால்கள் ஓடையாகும், ஓடை ஆற்றில் விழும்.

ஓடும் நீர் எவ்வளவு பெரிய கல்லை நகர்த்தும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் ஹாப்கின்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் இதற்கு ஓர் அழகான விடை கண்டார். நீங்களே கணக்கிடலாம். நீர் கல்லைத் தள்ளும் விசை, நீரின் வேகத்தின் வர்க்கத்தையும் கல்லின் முகப்புப் பரப்பையும் பொறுத்தது. கல்லின் விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. ஆனால் கல்லின் எடை எட்டு மடங்கு. இரண்டையும் சமன்செய்து பார்த்தால், நகர்த்தக்கூடிய கல்லின் விட்டம் வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். எடை விட்டத்தின் கனத்தைப் பொறுத்தது. ஆகவே வேகத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் 64 மடங்கு எடையுள்ள கல் நகரும். மும்மடங்கானால் 729 மடங்கு! ஆண்டில் முந்நூறு நாள் ஆறு சாதுவாக இருக்கும். அதன் பெரிய வேலைகள் ஓரிரு வெள்ள நாள்களில் முடிந்துவிடும் என்பதன் பொருள் இதுதான்.

தென்பெண்ணை இதை அண்மையில் காட்டியது. 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதன் தொடர்ச்சியாக டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. மழை பதிவாயிற்று. ஒரு ஹெக்டேரில் 1 செ.மீ. மழை என்றால் 100 டன் நீர். 50 செ.மீ. என்றால் 5,000 டன். ஆற்றின் குறுக்கே கீழே இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீரைத் திறந்துவிட நேர்ந்தது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் கரையோர ஊர்களுக்குள் நீர் புகுந்தது. வடிந்தபோது வீடுகளிலும் வயல்களிலும் சேறும் மணலும் நின்றன. அந்தச் சேறு மேலே எங்கோ ஒருவருடைய வயலாக இருந்தது.

மேட்டிலிருந்து இறக்கம்

இந்த ஆறு கருநாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஒசகோட்டை வழியாக ஓசூர்ப் பக்கம் வருகிறது. அதுவரை அது மைசூர் மேட்டுநிலத்தின்மேல் நிதானமாக ஓடுகிறது. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம் என்றோம். கிருஷ்ணகிரி நகரம் சுமார் 500 மீட்டர்தான். சாலை வழியே சுமார் 50 கி.மீ. இடைவெளியில் 400 மீட்டர் இறக்கம்! கிருஷ்ணகிரியிலிருந்து கடல் வரை மீதமுள்ள 500 மீட்டர் இறக்கத்திற்கோ ஆறு அதைவிடப் பல மடங்கு நெடுந்தொலைவு எடுத்துக்கொள்கிறது. பேருந்தில் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும்போது காது லேசாக அடைப்பதைக் கவனித்தால், ஒரு மேட்டுநிலத்தின் விளிம்பைக் கடக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சரிவு மிகுந்தால் வேகம் மிகும்; வேகம் மிகுந்தால் அரிப்பு மிகும். ஆகையால் மேட்டின் விளிம்பில்தான் ஓடைகள் ஆழமாக வெட்டுகின்றன. ஓடையின் தலைப்பகுதி வெட்டிக்கொண்டே பின்னோக்கிப் போகும். வயல் வரப்பில் ஓர் உடைப்பு ஏற்பட்டால் அது மேல்நோக்கி நீண்டுகொண்டே போவதை உழவர் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். அதே செயல் பெரிய அளவில் நடக்கும்போது மேட்டுநிலத்தின் விளிம்பு கடித்துக் கடித்துக் குறைகிறது.

வேகம் குறையும் இடமெல்லாம் ஆறு சுமையை இறக்கி வைக்கும். எந்த ஆற்று வளைவிலும் வெளிப்பக்கத்தில் நீர் வேகமாக மோதுவதால் கரை செங்குத்தாக இடிந்திருக்கும். உட்பக்கத்தில் வேகம் குறைவதால் மணல் சாய்வாகப் படிந்திருக்கும். ஆறு இப்படி ஒரு கரையில் எடுத்து மறு கரையில் கொடுத்துப் பக்கவாட்டில் நகர்கிறது.

பொடி எவ்வளவு நுண்மையோ அவ்வளவு எளிதாக நீர் அதைக் கிளப்பும் என்று நீங்கள் நினைக்கலாம். 1935இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஃபிலிப் யூல்ஸ்ட்ரோம் அது தவறு என்று காட்டினார். நடுத்தர மணலைக் கிளப்ப விநாடிக்கு 20 செ.மீ. அளவு வேகமே போதும். படிந்து இறுகிய களிமண்ணைப் பெயர்க்க அதைப்போலப் பல மடங்கு வேகம் வேண்டும். ஏனெனில் களிமண் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஆனால் ஒருமுறை கிளம்பிவிட்டால் களிமண் எளிதில் இறங்காது.

இதை ஒரு கண்ணாடிப் புட்டியில் செய்து பாருங்கள். கால் பங்கு வயல் மண், முக்கால் பங்கு நீர், ஒரு சிட்டிகை துணிசோடா. மூடி நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். பருமணல் சில விநாடிகளில் இறங்கிவிடும். வண்டல் துகள்கள் இறங்கச் சில மணி நேரம் ஆகும். 0.002 மி.மீ.க்கும் நுண்ணிய களிமண் 10 செ.மீ. இறங்க எட்டு மணி நேரத்திற்கும் மேலாகும். மறுநாளும் நீர் கலங்கியே இருக்கும். அடுக்குகளை அளவுகோலால் அளந்து, உங்கள் வயல் மண்ணில் மணல் எத்தனை பங்கு என்று எழுதி வையுங்கள். பிறகு ஏரி மண்ணை எடுத்து அதையே செய்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

இதே புட்டியைப் பெரிதாக்கினால் அதுதான் அணை. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணை, அதற்குக் கீழே 1950களின் இறுதியில் கட்டி முடிக்கப்பட்ட கிருஷ்ணகிரி அணை, அதற்கும் கீழே சாத்தனூர் அணை என்று தென்பெண்ணையில் புட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ஆறு அணை நீரில் நுழைந்ததும் வேகத்தை இழந்து முதலில் மணலையும் பிறகு வண்டலையும் போட்டுவிடுகிறது. கிருஷ்ணகிரி அணையின் கொள்ளளவில் ஒரு பகுதியை இப்படி வண்டல் விழுங்கிவிட்டது. அணைக்குக் கீழே போகும் நீர் சுமை இழந்த நீர்; அதன் விளைவைக் கடற்கரையில் பார்க்கப் போகிறோம்.

மண் கணக்கு

1983ஆம் ஆண்டு டேராடூனிலுள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள் இந்தியா முழுவதற்கும் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். அதன்படி ஆண்டுதோறும் அரிக்கப்படும் மண் சுமார் 533 கோடி டன். சராசரியாக ஹெக்டேருக்கு 16.35 டன். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. கனமுள்ள மண்ணின் எடை சுமார் 13 டன். அப்படியானால் ஆண்டுக்குச் சுமார் 1¼ மி.மீ. போகிறது, எட்டு ஆண்டில் ஒரு சென்டிமீட்டர். கெட்டிப் பாறையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மண் உண்டாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். வரவும் செலவும் பொருந்தவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. கேழ்வரகு விதைக்க உழுது போட்ட வெற்று நிலத்தில் முதல் கோடை மழை விழும்போதுதான் இந்தச் செலவு மிகுதியாக நடக்கிறது.

அந்த மதிப்பீட்டில் என் கவனத்தைக் கவர்ந்தது இன்னொரு பகுதி. அரிக்கப்பட்ட மண்ணில் 29 விழுக்காடு கடலுக்குப் போகிறது. 10 விழுக்காடு அணைகளில் படிகிறது. மீதம் 61 விழுக்காடு ஓரிடத்திலிருந்து எடுக்கப்பட்டுப் பக்கத்திலேயே எங்கோ படிகிறது. அதாவது பெரும்பகுதி நம் எல்லையை விட்டுப் போகவே இல்லை. ஏரியிலும் குட்டையிலும் ஓடைக் கரையிலும் இருக்கிறது. கோடையில் ஏரி வற்றியதும் வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றி வயலில் கொட்டும் பழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. மழை கீழே கொண்டுவந்ததை மாட்டு வண்டி மேலே கொண்டு போயிற்று. இடையில் பல இடங்களில் நின்றுபோன இந்த வேலைக்கு, 2017இல் தமிழக அரசு உழவர்கள் ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுக்க இசைவு அளித்தது. ஏரி ஆழமாகும், வயல் வளமாகும் என்ற இரட்டைப் பயன் இதில் உண்டு. சரிவுக்குக் குறுக்காகச் சம உயரத்தில் வரப்புப் போடுவதும் இதே நோக்கம் கொண்டதுதான்: நீரின் வேகத்தைப் பாதியாக்கினால் அது சுமக்கும் எடை எவ்வளவு குறையும் என்பதை ஹாப்கின்ஸ் விதியைக் கொண்டு நீங்களே சொல்லலாம்.

காற்றின் பங்கு

இதுவரை நீரைப் பற்றியே பேசினோம். தொரப்பள்ளியில் காற்றுக்கு வேலை குறைவு. காற்றைவிட நீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி உடையது. அதனால் தள்ளும் வலிமையும் மிகுதி. ஆண்டுக்கு 800 மி.மீ. அளவில் மழை பெய்து புல்லும் பயிரும் மூடியிருக்கும் நிலத்தில் காற்று பங்குனி, சித்திரையில் புழுதியைக் கிளப்புவதோடு நின்றுவிடும். காற்று நிலத்தைச் செதுக்க மூன்று வேண்டும்: உலர்ந்த மணல், மூடாக்கு இல்லாத தரை, ஒரே திசையில் நெடுநாள் வீசும் காற்று.

இம்மூன்றும் கூடிய இடம் தமிழகத்தின் தென்கோடியில், தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடுகளில் இருக்கிறது. சாத்தான்குளம், குதிரைமொழி வட்டாரங்களில் குங்குமம் கொட்டியதுபோல் செம்மணல் மேடுகள் பரந்து கிடக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு வெளிப்பட்டு, மே முதல் செப்டம்பர் வரை இச்சமவெளியில் வீசுகிறது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இக்காற்றே. மணல் பரலின்மேல் படிந்த இரும்புத் துருவே அங்கும் செந்நிறம் தந்தது.

மணல் காற்றில் எப்படிப் பயணம் செய்கிறது? 1941இல் ரால்ஃப் பாக்னால்டு என்ற ஆங்கிலப் பொறியாளர், பாலைவனத்திலும் காற்றுக் குகையிலும் செய்த ஆய்வுகளை நூலாக வெளியிட்டார். பரல்கள் பறப்பதில்லை, தத்துகின்றன என்று அவர் விளக்கினார். ஒரு பரல் குதித்து விழும்போது வேறு சில பரல்களைத் தட்டி எழுப்புகிறது. அவை மேலும் சிலவற்றை. பெரும்பாலும் இடுப்பு உயரத்திற்குக் கீழேயே இக்கூத்து முடிந்துவிடும். நகரும் மணலின் அளவு காற்று வேகத்தின் கனத்திற்கேற்ப மிகும் என்றும் அவர் காட்டினார். தாழ்வான ஒரு பனையோலை வேலிகூட மணலை நிறுத்துவது ஏன் என்று இப்போது விளங்கும். பரல் தத்தும் உயரத்தில் காற்றைத் தளரச் செய்தால் போதும்; பரல் அங்கேயே விழுந்துவிடும். தேரியில் பனையும் முந்திரியும் குடைவேலமும் செய்வது இதே வேலை.

மணல் போய்ச் சேரும் இடம்

மீண்டும் நம் ஆற்றுக்கு வருவோம். நாநூறு கி.மீ.க்கும் மேல் ஓடித் தென்பெண்ணை கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. வேகம் முழுவதும் அடங்கும் அவ்விடத்தில் மணல் திட்டாகப் படிகிறது. ஆனால் மணலின் பயணம் அங்கே முடிவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்குவதால், மணல் கரையோரமாக வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் தெற்கே திரும்பினாலும், ஆண்டுக் கணக்கில் மிஞ்சுவது வடக்கு நோக்கிய நகர்வே. கடலூருக்கு வடக்கே இருப்பது புதுச்சேரி.

1980களின் இறுதியில் புதுச்சேரி நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் கட்டினார்கள். தெற்கேயிருந்து வந்த மணல் சுவரின் தென்புறம் குவிந்து நின்றது. வடபுறத்தில் அலைகள் வழக்கம்போல மணலை எடுத்துச் சென்றன. ஆனால் எடுத்த இடத்தை நிரப்ப மணல் வரவில்லை. நகரத்தின் முன் இருந்த அகன்ற மணற்கரை சில ஆண்டுகளில் மறைந்தது. கரையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று. 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நீருக்கடியில் ஒரு திட்டு அமைத்து அலைகளைத் தளரச் செய்தபின், ஒரு பகுதியில் மணல் மீண்டும் படிந்தது.

எகிப்தின் நைல் ஆற்றிலும் இதுபோன்றே நடந்தது. 1970இல் அசுவான் உயர் அணை முடிந்தபின் வண்டல் அணைக்குள் தங்கிவிட்டது. கழிமுகக் கடற்கரையைக் கடல் அரித்து உள்ளே வந்தது. கடற்கரை என்பது ஆற்றின் வரவும் அலையின் செலவும் சந்திக்கும் இடம். ஆற்றின் மேல்பகுதியில் அணையில் தங்கும் மணலும், லாரியில் போகும் மணலும் அந்த வரவிலிருந்து கழிக்கப்படுபவைதான்.

ஓசூர்ப் பக்கத்து ஓடை மணலில் ஒரு சிட்டிகையும், கடற்கரை மணலில் ஒரு சிட்டிகையும் கிடைத்தால் இரண்டையும் வெள்ளைக் காகிதத்தில் பரப்பி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். ஓடை மணலில் பரல்கள் கூர்மையாக இருக்கும். இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பாரும் மின்னும் மைக்காவும் இன்னும் கலந்திருக்கும். கடற்கரை மணலில் அவை குறைந்து, மூலை மழுங்கிய குவார்ட்ஸே மிகுந்திருக்கும். காந்தம் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி மணலுக்குள் ஓட்டினால் கறுப்புப் பரல்கள் சில ஒட்டிக்கொண்டு வரும். அவை மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமம். எந்த மணலில் அவை அதிகம் வந்தன என்று எண்ணி, ஆசிரியரிடம் காட்டுங்கள்.